மே மாதத்து கெஸ்ட்

எங்கள் ஊரில் கெஸ்ட் என்று சொன்னால் உறவுக்காரர் யாரும் நினைவுக்கு வர மாட்டார். அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டி எலுமிச்சம்பழம் வாங்கி, வழியெல்லாம் அதை மோந்துகொண்டே கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மேலே வந்து இறங்கியதும் சுடுதண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கிறவர்தான் கெஸ்ட். மே மாதத்தில் ஊர் நடுவிலுள்ள ஒண்டிக்கடை முக்கில் நின்று பார்த்தால் அவர்களைத் தவிர வேறு யாரும் கண்ணில் படுவதில்லை. பலாச்சுளை விற்கிறவரிலிருந்து ஆட்டோக்காரர் வரைக்கும் எல்லோர் வாயிலும் இந்தச் சொல்தான். ஒரு முறை ஆட்டோக்காரர் ஒருவர், கெஸ்ட் வண்டி வருது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்று என்னை ஒதுங்கச் சொன்னார். நான் அந்த ஊரில் பிறந்தவள். ஒதுங்கித்தான் நின்றேன். அதற்காக நடுரோட்டில் பிறப்புச் சான்றிதழையா எடுத்துக் காட்ட முடியும்?

வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கு எங்கள் பக்கம் வேறு சொல் இருக்கிறது. ஒரம்பரை. "ஊட்டுல ஒரம்பரைங்க" என்று ஒருவர் சொன்னால், அன்றைக்கு அந்த வீட்டுக் கோழிக்கு ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். ஒரம்பரை வந்தால் முதலில் சொம்பில் தண்ணீர் கொடுக்க வேண்டும். பிறகு வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து "வாங்க" சொல்ல வேண்டும். ஒருவர் மறந்துவிட்டாலும் போச்சு. என்னை வான்னு ஒரு வார்த்தை கேக்கலை என்று அது வருடக்கணக்கில் பேச்சாக நிற்கும். ஆக கெஸ்ட் வேறு, ஒரம்பரை வேறு, வீட்டு ஆள் வேறு. இந்த மூன்றில் நான் எது என்பது சென்ற மே மாதம் எனக்கு வாழ்வா சாவா என்கிற கேள்வியாகிவிட்டது. மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அப்போது போக வேறு இடம் இல்லை.

சேலத்தில் ஒரு கல்லூரியில் நான் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். வேலையின் பெயர் கெஸ்ட் லெக்சரர். தமிழில் கௌரவ விரிவுரையாளர் என்று எழுதுவார்கள். அந்தக் கௌரவத்தை எங்கே தேடிப் பிடித்தார்களோ தெரியவில்லை. நிரந்தர வேலையில் இருப்பவர்கள் எடுக்கும் வகுப்பை நாங்களும் எடுப்போம், அவர்கள் திருத்தும் தாளை நாங்களும் திருத்துவோம். மே மாதம் மட்டும் எங்களுக்குச் சம்பளம் கிடையாது. ஜூனில் மறுபடி கூப்பிட்டால் உண்டு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நானோ முடி நரைக்கிற வரைக்கும் அங்கே விருந்தாளியாகவே இருந்தேன். தங்கிய இடமும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. முதலில் ஒரு வீட்டில் பேயிங் கெஸ்ட். காசையும் வாங்கிக்கொண்டு விருந்தாளி என்றும் கூப்பிடுகிற சாமர்த்தியம் வேறு எந்த ஏற்பாட்டுக்கும் கிடையாது. அந்த வீட்டம்மா இரண்டாவது தோசைக்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பிறகு ஒற்றை அறை வாடகை வீடு ஒன்றுக்கு மாறினேன். கல்யாணம் நடக்கவில்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

ஒரு நாள் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: கெஸ்ட் என்றால் விருந்தாளி, நீங்கள் தினமும் வருகிறீர்களே, நீங்கள் எப்படி கெஸ்ட்? வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன். அன்றைக்கு நூலகத்தில் உட்கார்ந்து தடித்த அகராதிகளைப் புரட்டினேன். அந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த அர்த்தம் விருந்தாளியே இல்லை. முன்பின் தெரியாதவன், அந்நியன் என்பதுதான். லத்தீனில் அதற்கு ஒரு பங்காளிச் சொல் உண்டு. அதுவும் அந்நியன் என்று தொடங்கி, போகப் போகப் பகைவன் என்று ஆகிவிட்டது. ஹாஸ்டல், ஹாஸ்பிடல், ஹோட்டல் எல்லாம் அந்த வம்சம்தான். பகையைச் சொல்லும் ஹாஸ்டைல் என்பதும் அதே வயிற்றுப் பிள்ளை. வாசலில் வந்து நிற்கிற புது ஆள் சோற்றுக்கு வந்தவனா, கழுத்தை அறுக்க வந்தவனா என்று உள்ளே விடாமல் தெரியாது. உள்ளே விட்டபின் தெரிந்தும் பிரயோசனம் இல்லை. அந்தப் பயமும் அந்தச் சோறும் சேர்ந்துதான் இந்தச் சொல் உண்டாயிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நம் விருந்தும் ஏறக்குறைய அப்படித்தான். பழந்தமிழில் விருந்து என்றால் புதியது என்று பொருள். சாப்பாட்டுக்கு அந்தப் பெயர் பிறகு வந்தது. புதிதாக வந்தவர்தான் விருந்து. தெரிந்தவர், சொந்தக்காரர் எல்லாம் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே இந்த விஷயத்தில் ஒத்துப்போயிருக்கிறார்கள். மறுநாள் இதையெல்லாம் வகுப்பில் உற்சாகமாகச் சொன்னேன். அந்தப் பெண் கவனமாகக் கேட்டுவிட்டு, இது பரீட்சைக்கு வருமா என்றாள். வராது என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

எங்கள் வீடு ஒண்டிக்கடையிலிருந்து சேர்வராயன் கோயில் போகும் வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கினால் இருக்கிறது. அப்பா ஓர் எஸ்டேட்டில் ரைட்டராக, ஆட்களை மேய்க்கிற வேலையில் இருந்து, சிறுகச் சிறுகச் சேர்த்து அந்தச் சரிவில் கொஞ்சம் காப்பித் தோட்டம் வாங்கினார். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தம்பி பார்த்துக்கொள்கிறான். எனக்குப் பங்கு கேட்கும் எண்ணம் வந்ததில்லை. தோட்டத்தில் இறங்கினால் எனக்கு அட்டை கடிக்கும், மூச்சு வாங்கும். பங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு வருடம் மழை காலம் தப்பிப் பெய்து காப்பிப் பூவெல்லாம் கொட்டிப்போனது. மிஞ்சியதைக் காட்டுமாடு வந்து மிதித்துவிட்டுப் போனது. அப்போது தம்பி மனைவிதான் யோசனை சொன்னாள், வீட்டில் இருக்கும் அறைகளைக் கெஸ்ட்டுக்கு விடலாம் என்று. அவள் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். மலைக்கு வந்தபோது குளிருக்குப் பயந்து இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்தவள். இன்றைக்கு அந்தச் சுற்று வட்டாரத்தில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களில் அவளை ஏமாற்ற யாராலும் முடியாது. மூன்று அறைக்கும் பச்சை வண்ணம் அடித்து, கதவில் எண் எழுதினார்கள். நான் படித்த அறை, ஜன்னலைத் திறந்தால் பலாமரம் தெரிகிற அறை, ரூம் நம்பர் இரண்டு ஆயிற்று.

ஒவ்வொரு மே மாதமும் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நான் மேலே போவேன். சீசன் உச்சத்தில் இருக்கும் நாட்கள் அவை. இருந்தும் அந்த நாலு நாளுக்கு ரூம் நம்பர் இரண்டை யாருக்கும் விடாமல் எனக்கென்று வைத்திருப்பாள். வெள்ளை விரிப்பு, சின்ன சோப்பு, துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்துக் கட்டில் மேல் வைத்திருப்பாள். எனக்கு அந்த அன்னத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு பாத்திரத்தைத் தொட்டால், நீங்க உக்காருங்கக்கா என்று பிடுங்கிக்கொள்வாள். துடைப்பத்தை எடுத்தால் ஓடி வந்து வாங்கிக்கொள்வாள். பிறந்த வீட்டில் ஒரு வெங்காயம் உரிக்க எனக்கு உரிமை கிடையாது. இதைப் போய் யாரிடம் குறையென்று சொல்வது? நன்றாகக் கவனித்துக்கொண்டாள் என்று ஒருத்தி மேல் புகார் கொடுக்க முடியுமா?

கிளம்பும் நாளில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் பையைத் தூக்கியதும் வீட்டுக்காரர், "இருந்துட்டுப் போலாமுங்க" என்று சொல்ல வேண்டும். வந்தவர், இல்லீங்க, வேலை கெடக்குது என்று மறுக்க வேண்டும். அவர் மறுபடி சொல்ல, இவர் மறுபடி மறுக்க, வாசல் தாண்டும்வரை இது நடக்கும். சரி என்று யாரும் சொல்வதில்லை. சமவெளியிலிருந்து வந்த எங்கள் மாமா ஒருவர் ஒரு தடவை சரி என்று சொல்லிவிட்டுப் பையைக் கீழே வைத்தார். அம்மா திகைத்துப் போனாள். மாமா ஆடி முடிந்துதான் இறங்கினார். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யாராவது கூடுதலாக ஒரு வாய்க் காப்பி கேட்டால் அந்த மாமா பேரைச் சொல்லித்தான் கிண்டல் செய்வோம். அதே மாதிரி, எப்போது போகிறீர்கள் என்று வந்தவரிடம் கேட்கவே கூடாது. கேட்டால், கழுத்தைப் பிடித்துத் தள்ளியதற்குச் சமம். அந்த வழக்கப்படி தம்பி மனைவியும் ஒவ்வொரு வருடமும் என்னை இருக்கச் சொன்னாள். நானும் ஒவ்வொரு வருடமும் மறுத்துவிட்டு பஸ் ஏறினேன். ஒரு வேலையும் கிடக்காத மே மாதத்தில், வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

சென்ற வருடம் பங்குனியில் என் இடத்துக்கு நிரந்தரமாக ஒருவரைப் போட்டுவிட்டார்கள். நல்ல பையன், என்னிடம்தான் வந்து பாடத்திட்டத்தைக் கேட்டுக்கொண்டான். ஜூனில் எனக்கு அழைப்பு வராது என்று துறையில் பக்குவமாகச் சொன்னார்கள். அதே சமயம் வாடகை வீட்டுக்காரரும் மகனுக்குக் கல்யாணம், போர்ஷன் வேண்டும் என்றார். புத்தகங்களை இரண்டு அட்டைப்பெட்டியில் கட்டி ஒரு தோழி வீட்டில் போட்டேன். துணிமணியைப் பெரிய பையில் திணித்துக்கொண்டு திருவிழாவுக்குப் போவது மாதிரி மலைக்குக் கிளம்பினேன். ஒரு தீர்மானத்தோடுதான் போனேன். இந்தத் தடவை அவள் "இருந்துட்டுப் போலாமுங்க" என்று சொன்னதும் சரி என்று சொல்லிவிட வேண்டும். மாமா மாதிரி என்று சிரித்தால் சிரிக்கட்டும். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் அந்தச் "சரி"யை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்தது, ஒன்றும் நன்றாக இல்லை.

போனதும் சொம்புத் தண்ணீர் வந்தது. தம்பி தோட்டத்திலிருந்து ஏறி வந்து "வாக்கா" என்றான். அவள் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து "வாங்கக்கா" என்றாள். கட்டில் மேல் அன்னம் உட்கார்ந்திருந்தது. திருவிழாவுக்குப் போய், சாமி இருக்கிற குகைக்குள் குனிந்து நுழைந்து கும்பிட்டோம். கூட்டம் நெட்டித் தள்ளியதில் என்ன வேண்டிக்கொள்ள வந்தேன் என்பதையே மறந்துவிட்டேன்.

நாலு நாள் ஆனது. நான் கிளம்பவில்லை. பையைத் தூக்கினால்தானே அவள் இருக்கச் சொல்வாள் என்று தெரியும். ஆனால் ஒருவேளை சொல்லாவிட்டால் என்ற பயத்தில் பையைத் தூக்காமலே இருந்தேன். ஒரு வாரம் கழிந்தது. அவர்களும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? நான் அறைக்குள் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பலாமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் மூன்று வேளையும் கதவைத் தட்டி, சாப்பிட வாங்கக்கா என்பாள். பக்கத்து அறைகளில் கெஸ்ட்டுகள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அவர்களுக்கும் அப்படித்தான் தட்டினாள்.

ஒரு மத்தியானம் அவள் காப்பிச் செடிகளுக்கு நடுவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகக் கேட்டது. வருடா வருடம் வருகிற குடும்பம் போலிருக்கிறது. ரூம் நம்பர் இரண்டுதான் வேண்டும் என்கிறார்கள். அவள் திரும்பத் திரும்ப இல்லை என்றாள். கடைசியில், "இல்லீங்க, ரூம்ல எங்க ஒரம்பரை இருக்காங்க. எப்பப் போவாங்கன்னு கேக்க முடியாதுங்களே" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்லூரியில் என்னை கெஸ்ட் என்று எழுதி வைத்திருந்தபோது கூட நான் அழுததில்லை. சீசன் என்பது இரண்டு மாதம். அதை வைத்துத்தான் அவர்கள் மற்ற மாதங்களை ஓட்ட வேண்டும். நடுவில் நான் ஓர் அறையை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் கிளம்புகிறேன் என்றேன். எங்கே என்று எனக்கே தெரியாது. தோழி வீட்டில் இரண்டு நாள் தாங்கும், அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உள்ளுக்குள் நப்பாசை மட்டும் விடவில்லை. பையைத் தூக்கினால் அவள் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? எதிரியாக இருந்தாலும் சொல்லுவார்களே. தம்பி ஜீப்பை எடுத்து வாசலில் நிறுத்தினான். அவள் மிளகு, காப்பித்தூள், உரித்த பலாச்சுளை எல்லாவற்றையும் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து ஜீப்பில் வைத்தாள். நான் செருப்பை மெதுவாக மாட்டினேன். புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன். மறுபடி சரிசெய்தேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாத்துப் போயிட்டு வாங்கக்கா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். பையை வாசற்படியில் போட்டேன்.

"ஏன் கண்ணு, இருந்துட்டுப் போன்னு ஏன் சொல்லலை?"

அவள் விழித்தாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னதன் சாரம் இது: நான் ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தேனாம். ரூமில் என்ன குறை, சாப்பாட்டில் என்ன குறை என்று அவளும் தம்பியும் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டார்களாம். மனசு கோணி இருப்பவரைப் போய் இன்னும் இருங்கள் என்று வற்புறுத்தினால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டாளாம். குறை இருக்கிற கெஸ்ட்டிடம் வாயைக் கொடுக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் அவள் கற்றது.

"சொல்லியிருந்தீன்னா சரின்னிருப்பேன்" என்றேன். "எனக்கு வேலை போயிருச்சு கண்ணு. வாடகை ஊட்டையும் காலி பண்ணிட்டேன். போறதுக்கு வேற ஊடு இல்லை."

தம்பி ஜீப் இன்ஜினை அணைத்தான். யாரும் கட்டிக்கொண்டு அழவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. அவள் என் பையைப் பார்த்தாள். பிறகு, கேட்கவே கூடாத கேள்வியைக் கேட்டாள்.

"எத்தனை நாளைக்குங்கக்கா?"

"இனிமே பூராவும்" என்றேன்.

"அப்படீன்னா ரூமைக் காலி பண்ணிக் குடுங்க" என்றாள்.

நான் பையை எடுக்கக் குனிந்துவிட்டேன். சரி, முடிந்தது என்று நினைத்தேன். அதற்குள் அவள் பையின் இன்னொரு காதைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ரூமெல்லாம் கெஸ்ட்டுக்குத்தானுங்கக்கா. நம்ம ஆளுங்க ஹால்ல படுத்துக்கறதுதான். நாங்க எங்க படுக்கறோம்னு நெனச்சீங்க? சீசன் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

இத்தனை மே மாதமாக அவர்கள் எங்கே படுத்திருந்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. ஹாலில் பீரோவுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் என் பையை வைத்தாள். அங்கே கால் நீட்ட இடம் இருக்கிறதா என்று ஒரு கணம் அளந்து பார்த்தாள். உடனே போனை எடுத்து அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டு, ரூம் நம்பர் இரண்டு இருக்கிறது, சாயங்காலமே வந்துவிடலாம் என்றாள். போனை வைத்துவிட்டு, பீரோவுக்கு மேல் சலவை விரிப்பு இருக்கிறது, எடுத்துப் போடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் போய் என் அறைக் கட்டிலில் யாருக்கோ விரிப்புப் போட்டேன்.

அந்தக் குடும்பம் நாலு பேர். நன்றாகச் சாப்பிடுகிறவர்கள். நான் குழம்பு ஊற்றினேன், அவள் சோறு போட்டாள், தம்பி அப்பளம் வைத்தான். எல்லோரும் எழுந்து போன பிறகு நாங்கள் மூன்று பேரும் சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்தோம். குழம்புச் சட்டி காலி. அவள் எனக்கென்று ஓடிப்போய் எதுவும் புதிதாகச் செய்யவில்லை. மோரை என் பக்கம் தள்ளி வைத்தாள். ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.